வியாழக்கிழமைக்கு ஒன்று

ஷாத்தெல்-சான்சுவார் படகுத்துறை,
மே மாதத்தின் கடைசி ஞாயிறு.

அன்புள்ள கெதினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். கனடாவில் நீங்கள் மூன்று பேரும் அப்படியே இருக்க வேண்டும். எல்லனுக்கு முன்பல் விழுந்த படத்தை ஷோனா அனுப்பியிருந்தாள். அந்த ஓட்டையோடு அவள் சிரிப்பதைப் பார்த்து நானும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

போனில் பேசினால் நீ கேள்வி கேட்கிறாய். நான் பதிலைத் தேடி எடுப்பதற்குள் உனக்கு வேலை வந்துவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் இனிமேல் கடிதம்தான்.

முதலில் படகு. குளிர்காலம் நம் 'க்வென்னோல்' படகை ஒன்றும் செய்துவிடவில்லை. கூரையின் ஒரு மூலையில் துரு எட்டிப் பார்த்தது. சுரண்டிவிட்டு இரண்டு பூச்சு பச்சை வண்ணம் அடித்தேன். எஞ்சின் முதல் திருப்பிலேயே கிளம்பியது. உன் அப்பா இருந்திருந்தால் அதற்கு ஒரு முத்தம் கொடுத்திருப்பார். மேல்தளத்துச் சட்டிகளில் புதினாவும் ஸ்ட்ராபெர்ரியும் தழைத்திருக்கின்றன. கால்வாயில் படகை ஏற்றி இறக்குகிற ஒவ்வொரு மதகிலும் கயிற்றை எறிந்து கட்ட எனக்குத் தெம்பு இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இந்தத் துறையில் மதகைத் திறந்து மூடுகிற சொலேனைக் கேள். போன வாரம் நான் எறிந்த கயிறு முதல் எறியிலேயே கட்டுத்தூணில் போய் விழுந்தது. மேலே நின்றிருந்த அவள் கை தட்டினாள்.

நாள் முழுக்க என்னதான் செய்கிறாய் என்றும் கேட்டிருந்தாய். வியாழக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன். மற்ற நாட்களெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் வருகிறவைதான்.

பக்கத்துப் படகில் வீபே என்று ஒரு டச்சுக்காரர் இருக்கிறார். டச்சுக்காரர் என்றால் கோபித்துக்கொள்வார். அவர் ஃப்ரீஸ்லாந்துக்காரர், அங்கே தனி மொழி உண்டு. வேல்ஸ்காரியான என்னை இங்கிலாந்துக்காரி என்று யாராவது சொன்னால் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமே, அதே கோபம். ஊரில் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்குவது அவர் உத்தியோகம். வாழ்நாள் பூராவும் மற்றவர்களின் படகுகளை வழியனுப்பியவர், ஓய்வு பெற்றதும் ஒரு படகை வாங்கி அதே பாலத்தின் அடியில் கிளம்பி வந்துவிட்டாராம். மனைவி இறந்து பல வருஷங்கள் ஆகின்றன. படகின் பெயர் 'சிட்ஸ்கே'. அது அந்த அம்மாளின் பெயர்.

இவர் வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை, ஏதாவது ஓர் ஊருக்குப் போய் ஒரே ஒரு பொருளைப் பார்ப்பார். எத்தனை பெரிய அருங்காட்சியகமானாலும் ஒன்றுதான். அதன் எதிரில் உட்காருவார், போதும் என்று தோன்றியதும் எழுந்து வெளியே வந்து காப்பி குடிப்பார். முதல் தடவை துணைக்குப் போனபோது எனக்கு எரிச்சல் வந்தது. இத்தனை அறைகளை விட்டுவிட்டு இவர் ஒரு நாய்ப் படத்தின் முன்னால் குந்தியிருக்கிறாரே என்று நான் தனியாக எல்லாவற்றையும் சுற்றி வந்தேன். காப்பிக் கடையில் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டார். எனக்குப் படி ஏறியதும் கால் வலித்ததும்தான் நினைவில் இருந்தன. அவர் அந்த நாய் யாருக்காகக் காத்திருக்கிறது என்பதைப் பற்றி இரண்டு காப்பி தீரும்வரை பேசினார்.

அதற்குப் பிறகு நானும் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். ஓசேர் தேவாலயத்தின் நிலவறையில் ஏசு வெள்ளைக் குதிரை மேல் வருகிற சுவரோவியம் இருக்கிறது. வெளியே வெயில், உள்ளே கிணற்றுக் குளிர்ச்சி. குதிரையின் கால்கள் வரைந்தவருக்குச் சரியாக வரவில்லை என்பது வீபேயின் கட்சி. அது தண்ணீரில் நடக்கிற குதிரை என்பது என் கட்சி. வீடு வந்து சேரும்வரை வாதாடினோம். இன்னொரு வாரம் ஆர்சிக் குகைகளுக்குப் போனோம். பாறையில் செம்மண்ணால் வரைந்த மாமத யானை ஒன்று, யானைக்கெல்லாம் மூத்த யானை. வழிகாட்டிப் பெண் விளக்கை நகர்த்தியதும் அது மூச்சு விட்டதுபோல் இருந்தது. உன் அப்பாவோடு இத்தனை வருஷம் இந்தக் கால்வாயில் இருந்தும் நான் அந்தக் குகையைப் பார்த்ததில்லை. அப்பா எந்த அருங்காட்சியகத்தின் வாசலையும் தாண்டியவர் இல்லையே. நான் உள்ளே போனால் வெளியே பெஞ்சில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். காத்திருக்கிறாரே என்று நான் ஓடி ஓடிப் பார்ப்பேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பெல்ஜியத்திலிருந்து உன் நண்பனுக்குத் தெரிந்த தம்பதியர் படகை வாங்க விரும்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். வந்து பார்க்கட்டும். அத்தையின் கட்டடத்தில் கடலைப் பார்த்த வீடு காலியாகிறது, மாடிப்படி இல்லை, லிஃப்ட் இருக்கிறது என்பதையும் படித்தேன். நல்ல வீடுதான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

டெக்வென் அத்தை ஜூனில் இங்கே வருகிறாளாம். மாறுதலுக்காக வருகிறேன் என்று எழுதியிருக்கிறாள். தன் ஊரான பார்மத்தை விட்டு அவள் மாறுதலுக்காகக் கிளம்பி நான் கண்டதில்லை. யார் அனுப்புகிறார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. முன் அறையில் அவளுக்குப் படுக்கை போட்டுவிட்டேன்.

குழந்தைக்குப் புதுப்பல் கோணாமல் முளைக்கட்டும். உங்கள் மூவருக்கும் என் முத்தங்கள்.

உன் அன்பு அம்மா,
நெரிஸ்


ஷாத்தெல்-சான்சுவார்,
ஜூன் முடியப்போகிறது.

அன்புள்ள கெதினுக்கு,

உன் அத்தை பத்திரமாக வந்து சேர்ந்தாள். ஒரு பெட்டி நிறையத் தேயிலை, தானே சுட்ட பழரொட்டி மூன்று, கூடவே குடை. இங்கே ஒரு மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை என்று சொன்னேன். அதற்கு நான் என்ன செய்வது, நான் வேல்ஸ்காரி என்றாள்.

வந்த அன்று சாயங்காலமே வீபேயை விசாரணைக்கு அழைத்துவிட்டாள். தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரையே குறுக்குக் கேள்வி கேட்டவள் ஆயிற்றே. எந்த ஊர், எந்தச் சபை, எத்தனை பிள்ளைகள், இரத்த அழுத்தம் உண்டா என்பதுவரை கேட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுப் பழரொட்டியில் இன்னொரு துண்டு கேட்டார். அத்தை என் பக்கம் திரும்பி, நம் மொழியில், அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள்:

"பொண்டாட்டி பேரப் படகுல எழுதி வெச்சிருக்காரு. அதுல இன்னொருத்திய ஏத்துவாரா? நல்லா யோசிச்சுக்கோ."

நான் ஏறுவதாக யாரும் சொல்லவில்லை என்றேன். அவள் தேநீரை உறிஞ்சினாள். வீபே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, நல்ல செய்திதானே என்று ஆங்கிலத்தில் கேட்டார். மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்தோம் என்று அத்தை கூசாமல் சொன்னாள்.

அவளை எங்கேயாவது அழைத்துப் போக வேண்டுமே. ஆண்டின் மிக நீண்ட பகலில் வெஸ்லேக் குன்றின் மேலிருக்கிற பெரிய தேவாலயத்துக்குப் போனோம். அது வியாழக்கிழமை இல்லை. சூரியனுக்கு வியாழக்கிழமை தெரியாது என்று வீபே தன் சட்டத்தைத் தளர்த்தினார். சொலேன் லீவு போட்டுவிட்டுத் தன் வேனில் எங்களைக் கூட்டிப்போனாள். குன்றேறும்போது அத்தை மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள். நம் சபைக் கோயிலில் நான்கு வெள்ளைச் சுவரும் ஒரு கடிகாரமும் மட்டும்தான் இருக்கின்றன, அது போதவில்லை என்று யாராவது புகார் சொன்னார்களா, இவர்களுக்கு எதற்கு இத்தனை பொம்மை என்று. வாசல் வளைவுச் சிற்பங்களின் கீழே தலை குனிந்து போனாள். பக்தி என்று நினைத்துக்கொண்டு ஒரு பாதிரியார் அவளுக்கு வணக்கம் சொன்னார்.

உள்ளே கூட்டம் சுவரோரமாக ஒதுங்கி நின்றது. அன்று சூரியன் உச்சிக்கு வரும்போது மேல் ஜன்னல்களின் வெளிச்சம் தரையின் நட்டநடுவே விழும். வாசலிலிருந்து பலிபீடம்வரை வட்ட வட்டமாக, ஆற்றைக் கடக்கப் போட்ட கற்களைப் போல. நான் அத்தையைப் பார்த்தேன். அவள் குடையை என்னிடம் கொடுத்தாள், காலணிகளைக் கழற்றினாள், முதல் வெளிச்சத்தின் மேல் காலை வைத்தாள். பிறகு அடுத்ததன் மேல். அவள் கணுக்கால் வீக்கம் உனக்குத் தெரியும். வீபே ஓடிப்போய்க் கையைக் கொடுத்தார், அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கடைசிவரை நடந்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாவின் அக்கா அப்படி நடப்பதைப் பார்க்க அப்பாதான் இல்லை.

திரும்பி வந்ததும் வீபே ஒரே ஒரு வெளிச்ச வட்டத்தைத் தேர்ந்தெடுத்து அதன் அருகில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அது மெல்ல மெல்லச் சறுக்கி நடுவிலிருந்து விலகிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேனில் வரும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை பேசினால் பயமில்லை, பேசாவிட்டால்தான்.

பெல்ஜியத் தம்பதியர் அந்த வாரக் கடைசியில் வந்தார்கள். நல்ல மனிதர்கள். அந்த அம்மாள் சமையலறை அலமாரியைத் தடவித் தடவிப் பார்த்தாள். கணவருக்கு எஞ்சின் பற்றி நிறையக் கேள்விகள், எனக்குப் பதில் தெரியாதவை. வீபேயைக் கூப்பிட்டேன். அவர் எண்ணெய்த் துணியோடு வந்து, எது நல்லது, எது பழையது, எதை அடுத்த வருஷம் மாற்ற வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னார். என் கூரை வேலையைக்கூடப் புகழ்ந்தார். இந்தக் கால்வாயிலேயே இதைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ளப்பட்ட படகு கிடையாது என்றார். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. யோசித்து ஜூலை முடிவதற்குள் பதில் எழுதுகிறேன் என்று அனுப்பிவைத்தேன். நீ மகிழ்ச்சியடைவாய்.

மறுநாள் காலை 'சிட்ஸ்கே' நின்ற இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. என் மேல்தளத்தில் ஒரு கூடை செர்ரி. கால்வாயின் மேல்பகுதியில் நீர் வற்றிக்கொண்டு வருகிறது, எந்நேரமும் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள், அதற்கு முன்னால் கிளாம்சி ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று சொலேனிடம் சொல்லிவிட்டுப் போனாராம். நியாயமான காரணம்தான். அவர் சொன்னபடியே மூன்றாம் நாள் மதகுகளை மூடிவிட்டார்கள். கால்வாயில் பாசி பச்சையாகத் தேங்கி நிற்கிறது. அவர் அங்கே, நாங்கள் இங்கே. மழை பெய்கிற வரைக்கும் யாரும் நகர முடியாது.

அத்தை செர்ரியைத் தின்று கொட்டையைத் தண்ணீரில் துப்பிக்கொண்டே சொன்னாள். "ஓடிப் போற ஆம்பிளை ஒரு வார்த்தை சொல்லிட்டாவது போவான். இந்தாளு பழத்த வெச்சிட்டுப் போயிருக்காரு. இது என்ன கணக்குடி?"

எனக்குத் தெரியாது என்றேன். அவரவர் படகு, அவரவர் இஷ்டம். இந்த வியாழக்கிழமை எங்கும் போகவில்லை. போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டேன்.

அங்கே வெயில் அதிகம் என்று செய்தியில் பார்த்தேன். எல்லனைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே. கடவுள் உங்களோடு இருக்கட்டும்.

அம்மா


ஷாத்தெல்-சான்சுவார்,
ஆகஸ்ட், மழைக்குப் பிறகு.

அன்பு மகன் கெதினுக்கு,

உன் கடிதம் வந்தது. பெல்ஜியத்துக்காரர்களிடமிருந்து உனக்குத் தகவல் வந்திருக்கும். ஆமாம், படகு விற்பனைக்கு இல்லை என்று எழுதிவிட்டேன். அவசரப்படாதே, கோபத்தை ஓர் ஓரமாக வைத்துவிட்டு இதை உட்கார்ந்து படி. அத்தையும் ஞாயிற்றுக்கிழமை உன்னோடு போனில் பேசுவாள். அவள் வேறு மாதிரி சொல்லுவாள். இரண்டையும் நம்பலாம்.

வீபே போன பிறகு நான் நன்றாகத்தான் இருந்தேன். சமைத்தேன், சட்டிகளுக்குத் தண்ணீர் விட்டேன், அத்தையோடு சீட்டு விளையாடினேன். வியாழக்கிழமை வந்தது, போயிற்று. இரண்டாவது வியாழக்கிழமை நான் மறுபடியும் போர்வையைத் துவைக்க எடுத்தேன். அத்தை அதை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"இதுக்கு மேல தொவைச்சா கிழிஞ்சிரும். கெளம்பு, எதையாவது பாக்கலாம்."

எதைப் பார்ப்பது என்று கேட்டேன். அவள் சொலேனிடம் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். ஜூலை பதினான்கு, இந்த நாட்டின் பெருநாள், அடுத்த வாரம் வருகிறது. கிளாம்சியில் அன்று ஆற்றில் ஈட்டிச் சண்டை நடக்கும். இரண்டு படகுகள் எதிரெதிரே வரும், படகின் பின்முனையில் உயர்ந்த பலகை மேல் ஆளுக்கொருவர் நீளக் கழியோடு நிற்பார்கள், ஒருவரையொருவர் தண்ணீரில் தள்ள வேண்டும். கடைசிவரை நனையாமல் நிற்பவனுக்கு உலர்ந்த ராஜா என்று பட்டம். இது முழுக்க முழுக்கப் பண்பாட்டு விஷயம், வேறு எதற்கும் இல்லை, பார்க்காமல் ஊருக்குப் போனால் கெதின் என்ன நினைப்பான் என்றாள் அத்தை. உன் பெயரைச் சொல்லித்தான் என்னை ரயிலேற்றினாள் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆற்றங்கரை முழுக்க ஜனம். நாங்கள் பாலத்துக்குக் கீழே கல்படியில் இடம் பிடித்தோம். ஊர்க்காரர்கள் வெள்ளைக் கால்சட்டையும் சிவப்பு இடைக்கச்சையுமாக வந்தார்கள். கறிக்கடைக்காரர் ஒருவர், தூண் மாதிரி மனிதர், வந்தவர்களையெல்லாம் வரிசையாகத் தண்ணீருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வறட்சியில் இங்கே மாட்டிக்கொண்ட படகுக்காரர்கள் சார்பிலும் ஓர் ஆள் களம் இறங்குகிறார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பலகை மேல் ஏறி நின்றது யார் என்று நினைக்கிறாய்?

எழுபது வயதாகிறது, கெதின். இரவல் வாங்கிய வெள்ளைக் கால்சட்டை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. கொக்குக் கால்கள். தலையில் அவருடைய வைக்கோல் தொப்பி. கழியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அந்தக் கறிக்கடைக்காரரே தூரத்திலிருந்து சைகையில் சொல்லிக்கொடுத்தார். படகுகள் கிட்டே வந்தன. கழி பட்டதா படவில்லையா என்றே தெரியவில்லை, வீபே மிகுந்த மரியாதையோடு, நின்ற வாக்கிலேயே ஆற்றுக்குள் போய்விட்டார். தொப்பி மட்டும் மிதந்தது.

நான் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கச் சிரித்தேன். அப்பா போன பிறகு அப்படி ஒரு சிரிப்பு எனக்குள் இருக்கிறது என்பதே மறந்து போயிருந்தது. அப்புறம் அவர் மேலே வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் என் சிரிப்பு நின்றுவிட்டது. நான் எழுந்து இரண்டு படி இறங்கித் தண்ணீரில் கால் வைத்துவிட்டேன். என்ன செய்யப் போனேன் என்று எனக்கே தெரியாது, எனக்கு நீச்சல் தெரியாதே. தலை வெளியே வந்தது. கரையைத் தேடி முகத்தைத் துடைத்தவர், எதிரில் முழங்கால் தண்ணீரில் என்னைப் பார்த்தார்.

அவர் படியில் வந்து உட்கார்ந்தார். அத்தை தன் சால்வையை எடுத்து அவர் தோளில் போட்டாள். நான் படகை விற்கப் போகிறேனா என்று ஒன்றும் கேட்க மாட்டீர்களா என்றேன்.

"கேட்டா எனக்காக ஒரு பதில் சொல்லிருப்பீங்க" என்றார் வீபே. "உங்களுக்காக நீங்க சொல்லணும். பக்கத்துல நின்னுக்கிட்டு நான் மூஞ்சியத் தொங்கப் போட்டா அது எப்படி நடக்கும்? அதான் தள்ளிப் போனேன்."

"அதச் சொல்லிட்டே போயிருக்கலாம்."

"செர்ரி வெச்சேனே."

அத்தைக்கு ஆங்கிலத்தில் பொறுமை தீர்ந்துவிட்டது. நம் மொழியில் என்னிடம் ஆரம்பித்து, பாதியில் அவருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்துக்கே திரும்பினாள். "ரெண்டு பேரும் ஈரமா நின்னுட்டு என்ன பேச்சு இது. இவரு பழம் வெப்பாரு, இவ போர்வை தொவைப்பா. என் தம்பி எம்ரிஸ் இருந்திருந்தா இந்தாளோட எஞ்சினப் பத்திப் பேசிப் பேசியே சாயங்காலம் ஆக்கிருப்பான். பசிக்குதுன்னு நெனப்பு வந்தப்புறம்தான் உன்னத் தேடிருப்பான், நெரிஸ். அவனுக்கு இவரப் பிடிச்சிருக்கும். போதுமா? இப்ப எனக்கு ஏதாவது தின்னக் குடுங்க."

அவள் குரல் கடைசியில் கொஞ்சம் கரகரத்தது. நான் கவனிக்காததுபோல் இருந்தேன். நாங்கள் மூவரும் கடைத்தெருவுக்குப் போய், பாலாடைக்கட்டி போட்டுப் பொரித்த பணியாரம் ஒரு பொட்டலம் வாங்கி, நின்றுகொண்டே சாப்பிட்டோம். வீபேயின் காலணியிலிருந்து வழி நெடுக ஆறு சொட்டிக்கொண்டே வந்தது. அப்போது அத்தை அவரிடம் கேட்டாள், படகின் பெயரைப் பற்றி, நேராகவே. அவர் யோசித்துவிட்டு, சிட்ஸ்கேக்குத் தண்ணீரைக் கண்டாலே ஆகாது, ஒருநாள்கூடப் படகில் ஏறியதில்லை, அவள் பெயரை எழுதி வைத்துத் தினமும் கேலி செய்கிறேன், அவளும் மேலேயிருந்து என்னைக் கேலி செய்துகொண்டிருப்பாள் என்றார். அத்தை தலையாட்டினாள். அது அவளுக்குச் சரியான பதிலாகப் பட்டது.

அன்று ரயிலில் திரும்பும்போது நான் முடிவு செய்தேன். அது வீபேக்காக மட்டும் எடுத்த முடிவில்லை. உனக்கு அதை விளக்கத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். அப்பாவின் நினைவைக் கட்டிக்கொண்டு அம்மா இந்தப் படகில் அடைந்து கிடக்கிறாள் என்று நீ ஷோனாவிடம் சொல்லியிருக்கிறாய். அத்தை சொன்னாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. உன் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அது அப்படி இல்லை. இந்தப் படகு அப்பாவின் ஆசை. அவருக்காக நான் வந்தேன், சமையலறை சின்னது என்று வருஷக்கணக்காகக் குறை சொன்னேன். இப்போது காலையில் கதவைத் திறந்தால் தண்ணீர் மேல் புகைபோல் பனி நிற்கிறது, ரொட்டிக்கடைக்கு ஒற்றையடிப் பாதையில் நடக்கிறேன், வியாழக்கிழமை என்ன பார்க்கலாம் என்று யோசிக்கிறேன். எனக்குப் பிடித்திருக்கிறது, கெதின். அவ்வளவுதான். அறுபத்தாறு வயதில் ஒரு விஷயம் புதிதாகப் பிடித்துப்போகும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வாய் என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. முடியாத நாள் வந்தால் கடலைப் பார்த்த வீட்டுக்குப் போய்விடுவேன், வீம்பு பிடிக்க மாட்டேன். அந்த நாள் இது இல்லை.

போன வாரம் மழை கொட்டியது. அத்தை தன் குடையைப் பிடித்துக்கொண்டு மேல்தளத்தில் நின்று, நான் அன்றைக்கே சொன்னேனே என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். மதகுகளைத் திறந்துவிட்டார்கள். நேற்று மதியம் சொலேன் கையாட்டிக் கூப்பிட்டாள். வளைவில் 'சிட்ஸ்கே' வந்துகொண்டிருந்தது. கயிற்றை நான்தான் பிடித்துக் கட்டினேன். பழைய இடத்திலேயே நிற்கிறது, என் ஜன்னலிலிருந்து ஆறு அடி. இரண்டு படகுகளுக்கும் நடுவில் ஒரு பலகை போட்டிருக்கிறோம், அத்தைக்கு ஏறி இறங்க வசதியாக இருக்கட்டுமென்று. அத்தை வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறாள். பலகை இருக்கும்.

குளிர்காலத்துக்கு ஓசேரில் துறைக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். இரண்டு படகுக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் மூவரும் அங்கே வர வேண்டும். முன் அறையில் நீயும் ஷோனாவும் படுக்கலாம். எல்லனுக்கு எதிர்ப்படகில் சன்னலோரமாக ஒரு சின்னப் படுக்கையை வீபே இப்போதே இழைத்துக்கொண்டிருக்கிறார், நீளம் போதுமா என்று தினமும் என்னைக் கேட்கிறார். அவள் இப்போது எவ்வளவு உயரம் என்று எழுது.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்று உனக்குச் சங்கடமாக இருந்தால், பெயர் சொல்லியே கூப்பிடு. இங்கே எல்லாரும் அப்படித்தான். எல்லன் என்ன கூப்பிட வேண்டும் என்பதை அவளே தீர்மானிக்கட்டும், நாம் அதில் தலையிட வேண்டாம்.

நீ சீக்கிரம் கோபப்படுகிறவன், சீக்கிரம் ஆறுகிறவன். ஆறும்வரை நான் காத்திருப்பேன். நீண்ட கடிதம் வேண்டாம். வருகிறோம் என்று ஒரு வரி எழுதினால் போதும், மகனே. அதையே நான் நூறு வரியாகப் படித்துக்கொள்வேன்.

என்றும் உன் நலத்தையே வேண்டும்
அம்மா